மண்டபத்தில் அம்மாவின் இடம்

அன்புள்ள ஐயா,

குரோம்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். அப்பா போன ஐப்பசியில் மாரடைப்பில் தவறிவிட்டார். பல்லவன் காலத்தில் கண்டக்டராகச் சேர்ந்து, அது மாநகரப் போக்குவரத்துக் கழகமாக மாறிய பிறகு ரிடையர் ஆனவர். அவர் போன அடுத்த மாதமே அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாத்தாதான் திரும்பி வந்திருக்கிறார் என்கிறார்கள். இப்போது ஆவணியில் எனக்குக் கல்யாணம். வருஷத்துக்குள் முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் தள்ளிப்போகும் என்று பெரியவர்கள் நாள் குறித்துவிட்டார்கள். புடவை எடுக்க தி.நகர் போன அன்று கடையில் நன்றாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து அப்பா படத்தைப் பார்த்ததும் ஒரே குற்ற உணர்ச்சி. இவ்வளவு சீக்கிரம் சந்தோஷமாக இருப்பது தப்பா? ஆபீஸில் கவுன்சலிங் கொடுப்பவர் தினமும் மூன்று நல்ல விஷயங்களுக்கு நன்றி எழுதச் சொன்னார். எழுதுகிறேன், மனதில் ஒட்டவில்லை. மற்றபடி ஏற்பாடுகள் நடக்கின்றன. சித்தப்பாவும் சித்தியும் தாரை வார்க்கிறார்கள். அம்மா தானே பின்னால் இருந்துகொள்வதாகச் சொல்லிவிட்டார், அதில் ஒன்றும் பிரச்சினை இல்லை. உங்கள் கருத்து தெரிந்தால் மனதுக்கு ஆறுதலாக இருக்கும்.

*

அன்புள்ள வாசகிக்கு,

தப்பே இல்லை. கடையில் சிரித்தீர்களா, சிரியுங்கள். மகள் கல்யாணப் புடவை எடுக்கும்போது சிரிக்கக் கூடாது என்று எந்த அப்பாவும் நினைக்க மாட்டார். துக்கமும் சந்தோஷமும் ஒரே வீட்டில் ஒரே வாரத்தில் இருக்கும், நம் வீடுகள் எல்லாமே அப்படித்தான். வருஷத்துக்குள் ஒரு நல்லது நடக்கட்டும் என்று பெரியவர்கள் சொல்வதும் பாதி அதற்காகத்தான்.

அந்த நன்றி நோட்டு ஒட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அக்கா குழந்தையைத் தாத்தா என்று கொஞ்சட்டும், கொஞ்சுவதோடு நிற்கட்டும். பிறந்து ஒரு வருஷம்கூட ஆகாத பிள்ளை தலையில் தாத்தாவை ஏற்றி வைக்காதீர்கள். அது அதுவாக வளரட்டும்.

இப்போது நான் பதில் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அம்மா பின்னால் இருந்துகொள்வார், அதில் ஒன்றும் பிரச்சினை இல்லை என்று. அதைப் படித்துவிட்டு எழுந்து போய்விட்டேன். எனக்குக் கோபம் வந்தது, உங்கள் மேல்தான்.

சமீபத்தில் மாம்பலத்தில் ஒரு கல்யாணம். தாலி கட்டுவதற்கு முன்னால், மஞ்சள் தடவிய தேங்காய் மேல் தாலியை வைத்து, தட்டைச் சபையில் கொண்டுவருவார்களே, எல்லோரும் தொட்டுக் கும்பிட. என் வரிசையில் நாலைந்து வயதான பெண்கள். தட்டு முதல் இருவரிடம் வந்தது, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மூன்றாவது அம்மாள், தட்டு பக்கத்தில் வருவதற்கு முன்பே முந்தானைக்குள் இரண்டு கையையும் இழுத்துக்கொண்டார். தட்டைக் கொண்டுவந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும், அவள் நிற்கக்கூட இல்லை, அப்படியே அடுத்தவருக்கு நீட்டினாள். அந்த அம்மாள் மாப்பிள்ளையின் சொந்தப் பாட்டி என்று அப்புறம் தெரிந்தது. ஒருவரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமே இல்லாதபடி கை தானாக உள்ளே போய்விட்டது. அன்றிலிருந்து அந்தக் கை என் மனதிலேயே நிற்கிறது. அப்படி இருக்கும்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

'அவரே சொல்லிவிட்டார்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், அவரேதான் சொல்வார். எல்லா வீட்டிலும் அவர்களேதான் சொல்வார்கள். என் பெரியம்மாவும் சொன்னார். பெரியப்பா அல்பாயுசில் போய்விட்டார், பெரியம்மா சைதாப்பேட்டையில் தையல் மெஷின் போட்டு, அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்து ஒற்றை மகளை வளர்த்தார். அந்த மகளின் கல்யாணத்தன்று நான் சிறுவன், வெற்றிலைக் கட்டு வாங்கிவரச் சொல்லி என்னை உக்கிராண அறைக்கு அனுப்பினார்கள். உள்ளே பெரியம்மா தரையில் உட்கார்ந்து தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் தேங்காய் மூட்டை, ஒரு பக்கம் மஞ்சள் பை அடுக்கு. வெளியே கெட்டிமேளம் கேட்டது. கையில் எடுத்த தேங்காயோடு அப்படியே நிறுத்தி, என்னைப் பார்த்து, "தாலி ஏறிடுச்சாடா?" என்று கேட்டார். ஏறிடுச்சு பெரியம்மா என்றேன். தேங்காயைப் பையில் போட்டார். அடுத்த பையை எடுத்தார். மணவறையில் தாய் தகப்பன் இடத்தில் நின்றவர்கள், அந்தப் பெண்ணின் பள்ளிக்கூடச் சம்பளம் ஒரு தடவைகூடக் கட்டாதவர்கள்.

பெரியம்மாவை யாரும் உள்ளே போகச் சொல்லவில்லை. அவரே போனார். ஏன் போனார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் விளங்கியது. அது அடக்கமும் இல்லை, விட்டுக்கொடுப்பதும் இல்லை. பயம். தன் கை பட்டு, தன் கண் பட்டு, மகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். நாளைக்கு மாப்பிள்ளைக்கு ஒரு ஜுரம் வந்தால்கூட "அன்னைக்கே சொன்னோம்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள், அதைவிட மோசமாகத் தனக்கே அப்படித் தோன்றிவிடும், அந்தப் பயம். பெற்ற மகளுக்குத் தான் கெடுதல் என்று ஒரு தாயை நம்ப வைத்திருக்கிறோம். உங்கள் அம்மாவும் அதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு "அதில் பிரச்சினை இல்லை" என்று எழுத எப்படி மனசு வந்தது உங்களுக்கு?

படித்த பெண் நீங்கள். இந்த ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லலாமா? கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, பழைய ஐஸ் ஹவுஸ், அதைத் தாண்டிப் போயிருப்பீர்கள். சகோதரி சுப்புலட்சுமி சின்ன வயதில் கல்யாணமாகி, சின்ன வயதிலேயே கணவனை இழந்தவர். மூலையில் உட்கார மறுத்து, பெற்றவர்கள் துணையோடு படித்து, 1911-ல் பிரசிடென்சி கல்லூரியில் பட்டம் வாங்கினார். தன்னைப்போலக் கணவனை இழந்த சிறுமிகளை அந்த ஐஸ் ஹவுஸில் தங்க வைத்துப் படிக்க வைத்தார், அவர்களில் பலர் டீச்சரானார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் நடந்த காரியம் இது. ஈரோடு மாவட்டத்தில் ஒரு கோயிலில், பூசாரியாக இருந்தவர் இறந்த பிறகு அவர் மனைவி திருவிழாவுக்கு உள்ளே வரக் கூடாது என்று சிலர் தடுக்க, அந்த அம்மாள் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் வந்தார். கணவன் இல்லை என்பதால் ஒரு பெண்ணின் மதிப்பு குறைந்துவிடாது, அவரை யாரும் தடுக்க முடியாது என்று 2023 ஆகஸ்டில் உத்தரவு போட்டார்கள். கோயில் வாசலுக்குச் சட்டம் வந்து நிற்கலாம். உங்கள் மண்டபத்தின் கடைசி வரிசைக்கு எந்த நீதிபதியும் வர மாட்டார். அங்கே நீங்கள்தான் வரவேண்டும்.

சாஸ்திரம் என்பார்கள். ஐயரிடம் நேராகக் கேளுங்கள், அநேகமாகத் தடை அங்கிருந்து வராது, அத்தை மாமாக்களிடமிருந்துதான் வரும். ஜோடியாக இருந்தால்தான் தாரை வார்க்கலாம் என்றால் சித்தப்பாவும் சித்தியும் பக்கத்தில் நிற்கட்டும், அம்மாவின் கை அவர்கள் கையோடு இருக்கட்டும். இந்த மாநிலத்தில் உறவினர், நண்பர் முன்னால் மாலை மாற்றினாலோ, மோதிரம் மாற்றினாலோ, தாலி கட்டினாலோ போதும், அது செல்லுபடியாகும் திருமணம் என்று அண்ணா முதலமைச்சராக இருந்த 1967-லேயே சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். உங்கள் கல்யாணம் ஐயர் வைத்தே நடக்கட்டும், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. அம்மா மணவறைக்கு வந்தால் கல்யாணமே ஆகாது என்று யாரும் பயமுறுத்த முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மாப்பிள்ளை வீட்டில் முகம் சுளிப்பார்களோ என்று யோசிப்பீர்கள். சுளித்தால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. முதலில் அந்தப் பையனிடம் பேசுங்கள்.

நன்றி எழுதினால் ஒட்டவில்லை என்றீர்களே. அப்பாவுக்கு முதல் ட்ரிப் இருந்த நாட்களில் விடியற்காலை எழுந்து சாப்பாடு கட்டிக் கொடுத்தது யார்? ராத்திரி பணப் பையைக் கொட்டிச் சில்லறை எண்ணும்போது பக்கத்தில் தூங்காமல் உட்கார்ந்திருந்தது யார்? எனக்குத் தெரியாது, ஆனால் கண்டக்டர் வீடுகளைப் பார்த்தவன் என்பதால் கேட்கிறேன். போனவருக்குப் படம் மாட்டி மாலை போட்டாயிற்று. இருப்பவருக்கு என்ன செய்யப் போகிறோம்? பாரும்மா, அப்பாவை நினைத்து நீங்கள் படும் குற்ற உணர்ச்சியில் கால்வாசியை அம்மா பக்கம் திருப்பினாலே போதும்.

அம்மாவிடம் "வர்றியாம்மா?" என்று கேட்காதீர்கள். கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார், நீங்களும் கேட்டாயிற்று என்று நிம்மதியாகிவிடுவீர்கள். அம்மா வந்து நின்றால்தான் மணையில் உட்காருவேன் என்று சொல்லுங்கள். அழுவார், சத்தம் போடுவார், "எதுனா ஆயிட்டா?" என்பார். ஒன்றும் ஆகாதும்மா என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லுங்கள். அக்காவையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். சித்தப்பாவிடம் தனியாக, மரியாதையாக முதலிலேயே பேசிவிடுங்கள். அண்ணன் இடத்தில் நிற்க ஒத்துக்கொண்ட நல்ல மனிதர், அண்ணியைப் பக்கத்தில் நிறுத்தவும் ஒத்துக்கொள்வார் என்றே நினைக்கிறேன். தாலித் தட்டு சபைக்குப் போகும்போது முதலில் அம்மாவிடம் போகட்டும், அங்கிருந்து கடைசி வரிசை வரைக்கும் ஒருவரையும் தாண்டாமல் போகட்டும். தட்டைக் கொண்டுபோகிற பெண்ணுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்றால், அழைப்பவர் இடத்தில் அம்மா பெயரைப் போடச் சொல்லுங்கள். போய்விட்டிருந்தால் பிரஸ்ஸுக்கு இன்றைக்கே போன் செய்யுங்கள். எனக்கும் ஒன்று அனுப்பி வையுங்கள், முகூர்த்தத்துக்கே வந்துவிடுகிறேன்.