வார்டில் யாரிடமிருந்து யாருக்கு?

கேள்வி: இடுப்பு எலும்பு முறிந்து என் மாமியாரைத் தருமபுரியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஏழாம் நாள் காய்ச்சல், இருமல், ஃப்ளூ என்கிறார்கள். மாஸ்க்கூட இல்லாமல் இருமிக்கொண்டே ஊசி போட்ட நர்ஸை நானே பார்த்தேன். அவர் மேல் புகார் கொடுக்கலாமா?
- வாசகி, பாலக்கோடு

பதில்: புகார் கொடுங்கள், ஆனால் அந்த நர்ஸ் மேல் இல்லை. ஃப்ளூ வைரஸ் உள்ளே போனால் ஒன்று முதல் நான்கு நாளுக்குள் காய்ச்சலாகத் தெரிந்துவிடும். ஏழாம் நாள் வந்திருப்பதால் ஆஸ்பத்திரியில்தான் தொற்றியிருக்கிறது, அதுவரை சரி. யாரிடமிருந்து என்பதுதான் சிக்கல். நம் பக்கத்தில் ஒருவர் படுத்துவிட்டால் பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் வேன் பிடித்து வந்து கட்டிலைச் சுற்றி நிற்பார்கள், மூக்கொழுகும் பேரனைக் கொண்டுவந்து பாட்டி பக்கத்தில் உட்கார வைப்பார்கள், வராதே என்றால் ஜென்மப் பகை. ஃப்ளூ வந்தவர், தனக்கு இருமல் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பே அடுத்தவருக்குக் கொடுக்கத் தொடங்கிவிடுவார். பக்கத்துக் கட்டில்காரர், அவருக்குத் துணைக்கு இருப்பவர் என்று எல்லோரும்தான் கணக்கில் வருவார்கள்.

நர்ஸ் இருமலோடு வந்தது தப்புதான். ஆனால் லீவு போட்டால் சம்பளம் போகும், மாற்றாளும் கிடையாது என்கிற இடத்தில் அவர் வேறு என்ன செய்வார்? அதனால் நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள்: காய்ச்சல் வந்த ஊழியருக்குச் சம்பளத்தோடு லீவு உண்டா, வருடா வருடம் ஃப்ளூ தடுப்பூசி போடுகிறீர்களா, இருமும் நோயாளியை ஏன் தள்ளிப் படுக்க வைக்கவில்லை? அப்புறம், அவசரமானது ஒன்று. ஃப்ளூ வைரஸுக்கு எதிரான ஓசல்டாமிவிர் மாத்திரையை, காய்ச்சல் தொடங்கிய முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். வயதானவர், அதுவும் ஆபரேஷன் ஆனவர், நேரம் கடந்திருந்தாலும் டாக்டரிடம் இன்றே கேளுங்கள்.

கேள்வி: கிருஷ்ணகிரியில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு உதவியாளராக இருக்கிறேன். முதலில் இரண்டு நோயாளிகளுக்கு வாந்தி பேதி, பிறகு எனக்கும் எங்கள் ஆட்கள் சிலருக்கும். இன்று காலையோடு நின்றுவிட்டது. சானிடைசர் தேய்த்துக்கொண்டு நாளைக்கு டூட்டிக்கு வா என்கிறார் சூப்பர்வைசர். போகலாமா?

பதில்: போகாதீர்கள். ஒரே வார்டில் இப்படி அடுத்தடுத்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நோரோ வைரஸை. நூறு வைரஸ்கூட வேண்டாம், அதற்கும் குறைவாக வாய்க்குள் போனாலே ஆளைப் படுக்க வைத்துவிடும். வாந்தியும் பேதியும் நின்று 48 மணி நேரமாவது வேலைக்குப் போகக் கூடாது. அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் மலத்தில் வைரஸ் வந்துகொண்டுதான் இருக்கும் என்பதால் கை கழுவுவதில் சோம்பல் கூடாது.

சானிடைசர் விஷயத்தில் உங்கள் சூப்பர்வைசர் கொரோனா காலத்திலேயே நின்றுவிட்டார். கொரோனாவுக்கும் ஃப்ளூவுக்கும் மேலே கொழுப்பு உறை உண்டு, ஆல்கஹால் அதைக் கரைத்துக் கொல்லும். நோரோவுக்கு அந்த உறையே கிடையாது, அதனால் சானிடைசருக்குச் சரியாக மசியாது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் கையை விட்டுப் போய்விடும். வாந்தி விழுந்த இடத்தை ஃபினாயில் ஊற்றித் துடைத்தால் வாசனைதான் மாறும். கிளவுஸும் மாஸ்க்கும் போட்டு முதலில் பேப்பரால் ஒற்றி எடுத்துவிட்டு, ஹைப்போ கரைசல், அதாவது குளோரின் கலந்த பிளீச் திரவம், ஊற்றிச் சற்று நேரம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். கட்டில் கம்பி, கழிவறைத் தாழ்ப்பாள், குழாய்த் திருகு மூன்றையும் எல்லோரும் தொடுவார்கள், யாரும் துடைக்க மாட்டார்கள்.

கேள்வி: நோயாளிக்குப் போட்ட ஊசி என் விரலில் குத்திவிட்டது. ரத்தத்தைப் பிழிந்துவிட்டேன். போதுமா?
- நர்சிங் மாணவி, ஓசூர்

பதில்: போதாது, பிழியவும் கூடாது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவிவிட்டு, வெட்கப்படாமல் உடனே டூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், முதல் சில மணி நேரத்திலேயே என்றால் இன்னும் நல்லது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் முடித்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். அப்படியே, பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.