ரத வீதிக் கடைகளை விரட்டுவது விலையா, வாடகையா?

கேள்வி: பெரிய ஜவுளி, நகை நிறுவனங்களின் கிளைகள் வந்த பிறகு திருநெல்வேலியே பளிச்சென்று மாறிவிட்டது. விலை மலிவு, நிறையப் பேருக்கு வேலை. ஆனாலும் 'டவுன் கடைகள் அழிகின்றன' என்று சிலர் புலம்புகிறார்கள். போட்டியில் ஈடுகொடுக்க முடியாதவர் விலகுவது இயற்கைதானே?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: வாடிக்கையாளர் வராமல் ஒருவர் கடையை மூடினால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் வாடிக்கையாளர் வந்துகொண்டிருக்கும்போதே மூட வேண்டிய நிலை எப்படி வருகிறது என்று யோசித்தீர்களா?

ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய கடைக்கு அகலமான முகப்பு வேண்டும். ஐந்தாறு சிறு கடைகள் இருந்த கட்டடம் மொத்தமாக வேண்டும். கட்டட உரிமையாளருக்கோ ஆறு பேரிடம் மாதாமாதம் வாடகை கேட்டு நிற்பதைவிட, கணிசமான அட்வான்ஸும் நீண்டகால ஒப்பந்தமும் தரும் ஒரே நிறுவனம் நிம்மதி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு ஒப்பந்தம் கையெழுத்தானதும், நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதி முழுக்க வாடகைப் பேச்சே மாறிவிடுகிறது. பட்டுச்சேலையோடு எந்தப் போட்டியும் இல்லாத வளையல் கடைக்காரர், பாத்திரக் கடைக்காரர், நாட்டு மருந்துக் கடைக்காரர் எல்லோரும் அந்தப் புது வாடகைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களை வெளியேற்றுவது பக்கத்துக் கடையின் விலைச்சீட்டு அல்ல.

சட்டமும் மாறியிருக்கிறது. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 'நியாய வாடகை' என்று ஒன்று இருந்தது. 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டதுதான் வாடகை. பழைய சட்டத்தில் உரிமையாளர்கள் பல்லாண்டுகள் சொற்ப வாடகையோடு ஏமாந்து நின்றதும் உண்மை. அதைச் சரிசெய்யப் போய், பேரம் பேசும் வலு இல்லாத கடைக்காரரை அப்படியே விட்டுவிட்டோம்.

'வெளியூர்க்காரன் வந்து கெடுத்தான்' என்ற வாதமும் எனக்கு உடன்பாடில்லை. ஆர்.எம்.கே.வி. 1924-இல் இதே நெல்லையில் பிறந்த கடை. போத்தீஸுக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். நம் மண்ணில் வளர்ந்து சென்னை வரை போனவர்களைப் பார்த்துப் பெருமைப்படத்தான் வேண்டும். கேள்வி யார் ஊர் என்பதல்ல, வீதி என்ன ஆகிறது என்பது.

ஒரு சேலை எடுத்தால் அதோடு எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று பாருங்கள். மேட்சிங் சென்டரில் ஜாக்கெட் துணி தேடுவீர்கள். கடைக்காரர் சேலையை வாசலுக்குக் கொண்டுவந்து, வெயிலில் முந்தானையைப் பிடித்து, 'டியூப்லைட்டில் மெரூன் மாதிரி தெரியும்க்கா, இது அரக்கு' என்று வேறு துணியை எடுத்துப் போடுவார். அப்புறம் ஃபால்ஸ் வைக்க ஒருவர், ஓரம் அடிக்க ஒருவர், முந்தானைக்குக் குஞ்சம் கட்ட ஒரு பெண். நடுவில் ஒரு காபி. இத்தனையும் நாலு மாடிக் கட்டடத்துக்குள்ளேயே முடிந்துவிட்டால், காரில் வந்தவர் காரிலேயே திரும்புகிறார். ரத வீதியில் அவர் கால் படுவதே இல்லை. கடன் விஷயம் வேறு. சுற்றுக் கிராமத்து விவசாயிக்கு 'அறுப்பு முடிஞ்சு தாங்க அண்ணாச்சி' என்று கல்யாண ஜவுளியைக் கட்டிக் கொடுத்தவர் சிறு கடைக்காரர். கிளை மேலாளர் நல்ல மனிதராகவே இருந்தாலும் அப்படிக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை.

வேலை கிடைக்கிறது என்கிறீர்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் கடை ஊழியர் உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டத் திருத்தமே கொண்டுவர வேண்டியிருந்தது. அடுத்த முறை போகும்போது அந்த இருக்கை இருக்கிறதா, அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று கவனியுங்கள்.

எல்லாப் பழியையும் கிளைகள் மேல் போடவும் கூடாது. ஜங்ஷன் பேருந்து நிலையத்தை இடித்துப் போட்டு, பணி முடியாமல் ஆண்டுக்கணக்கில் மூடிவைத்தோம். பஸ்ஸை நம்பிப் பிழைத்த கடைகள் அந்தக் காலத்தில் பட்ட பாட்டுக்கு எந்த ஜவுளி நிறுவனமும் காரணமல்ல.

கிளைகள் வரக் கூடாது என்று நான் கேட்கவில்லை. மாநகராட்சி செய்யக்கூடியவை இருக்கின்றன. வாகனம் நிறுத்த மனைக்குள்ளேயே இடம் விட வேண்டும் என்கிறது 2019-ஆம் ஆண்டின் கட்டட விதி. தரைக்கடியில் காட்டிய அந்த இடம் கிடங்காக மாறினால் வண்டிகளெல்லாம் தெருவுக்குத்தான் வரும். அதை ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்தவர்களை, தேரோட்டம் முடிந்த மறுநாளே பழைய இடத்தில் கடை போட விட வேண்டும். மாநகராட்சி தன் சொந்த வணிக வளாகங்களில், பெரிய கட்டடத்துக்கு இடம் கொடுத்து வெளியேறிய சிறு கடைக்காரர்களுக்குத் தாங்கக்கூடிய வாடகையில் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். ரத வீதியில் புதிதாக எழும் பெரிய கட்டடங்களின் தரைத்தளத்தில், தெருவைப் பார்த்த பக்கம் பத்தடிக் கடைகள் நாலைந்தாவது இருக்க வேண்டும் என்று அனுமதி கொடுக்கும்போதே நிபந்தனை போடலாம். உங்கள் வார்டு கவுன்சிலரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.