குவெஸ்ட் மார்க்கரை ஆஃப் செய்தால் மட்டும் போதுமா? – கேள்வி பதில்

பெரிய உலகத்தில் இஷ்டப்படி சுற்றி, ஒரு கதாபாத்திரமாக ஆடும் ஓப்பன் வேர்ல்டு ஆர்பிஜி கேம்களில், கொடுக்கப்பட்ட வேலைக்கு (குவெஸ்ட்) வழி தெரிந்துகொள்வது கேமுக்குள் இருக்கும் குறிப்பேடான ஜர்னலைப் படித்தா, மேப்பில் மின்னும் மார்க்கரைப் பார்த்தா என்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

அண்ணா, மாரோவிண்ட் ஜர்னல் மாதிரி வராதுன்னு பழைய ஆளுங்க எல்லாரும் சொல்றாங்க. நான் ஸ்கைரிம்ல ஆரம்பிச்சவன். அப்படி என்னதான் இருந்துச்சு அதுல?

மாரோவிண்ட், ஆப்ளிவியன், ஸ்கைரிம் மூன்றும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து வந்த கேம்கள். உண்மையைச் சொன்னால், மாரோவிண்டின் ஜர்னல் ஒரு தலைவலி. 2002-இல் வெளிவந்தபோது அது நாள்வாரியாக எழுதப்பட்ட ஒரு டைரி, அவ்வளவுதான். ஒரே நேரத்தில் நான்கு வேலைகளை ஏற்றுக்கொண்டால் நான்கும் பக்கத்துக்குப் பக்கம் கலந்து கிடக்கும். அதே ஆண்டு வந்த ட்ரிப்யூனல் விரிவாக்கத்தில்தான் குவெஸ்ட் வாரியாகப் பிரித்துப் பார்க்கும் வசதியைச் சேர்த்தார்கள். அதற்குக் கோயில் கட்டிக் கும்பிட ஒன்றுமில்லை.

நன்றாக இருந்தது அந்த ஊர் மக்களின் பேச்சு. கேம் தொடங்கியதும் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, பால்மோராவில் கையஸ் கொசேட்ஸ் என்பவரிடம் சேர்க்கச் சொல்வார்கள். அவர் வீடு எதுவென்று மேப்பில் இருக்காது. சவுத் வால் என்ற மதுக்கடையில் போய் விசாரிக்க வேண்டும். ‘வழி வாயில் இருக்கிறது’ என்பார்களே, அதுதான் அந்த கேமின் வடிவமைப்பே. அடுத்து ஆர்க்ங்தாண்ட் என்ற பாழடைந்த இடத்துக்கு அனுப்புவார்கள். மூன்மாத் கோட்டையைத் தாண்டி, த்வெமர் என்ற மறைந்துபோன இனத்தின் பழைய பாலத்தைக் கடந்து மேலேறினால், குழாயில் இருக்கும் ஒரு திருகைச் சுற்றித்தான் கதவைத் திறக்க முடியும். உள்ளே தேட வேண்டியது அலமாரியில் இருக்கும் கையளவுப் பெட்டி. அதைத் தேடியே பாதி ராத்திரியைத் தொலைத்தவர்கள் ஏராளம். அதையும் சிறப்பு என்று சொல்ல மாட்டேன்.

அப்ப ஏன் ப்ரோ அதை விட்டுட்டு மார்க்கருக்குப் போனாங்க? சோம்பேறித்தனமா?

இல்லை. மாரோவிண்டில் பேச்சு பெரும்பாலும் எழுத்துதான். 2006-இல் ஆப்ளிவியன் வந்தபோது எல்லா வசனமும் குரலில் பதிவானது. ‘ஆற்றைத் தாண்டி, இரண்டாவது பிரிவில் வடக்கே’ என்று ஒருவர் பேசிப் பதிவு செய்தபிறகு, அந்தக் குகையை லெவல் டிசைனர் நாலடி தள்ளி வைத்தால் என்ன ஆகும்? வசனம் பொய்யாகிவிடும், மறுபடி ஸ்டுடியோவுக்குப் போகவேண்டும். மார்க்கருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது பொருளோடு ஒட்டிக்கொண்டிருக்கும், பொருள் நகர்ந்தால் தானும் நகரும். எழுத்திலேயே இருந்த மாரோவிண்டில்கூடச் சில இடங்களில் திசையைத் தப்பாகச் சொல்லியிருப்பார்கள். ரசிகர்கள் செய்த பேட்ச் என்ற திருத்தக் கோப்புகளில்தான் அவை சரியாயின.

ஸ்கைரிமில் (2011) இன்னொன்றும் சேர்ந்தது. அதன் ரேடியன்ட் குவெஸ்ட்களில் எந்தக் குகைக்கு அனுப்புவது என்பதை கேமே அந்த நேரத்தில் முடிவு செய்கிறது. அந்த வழியை முன்கூட்டியே யார் எழுதிவைப்பது?

ஸ்கைரிம்ல மார்க்கரை ஆஃப் பண்ணிட்டு ஆடிப் பார்த்தேன். அரை மணி நேரத்துல வெறுத்துப்போச்சு. நான்தான் சரியா ஆடலையா?

தவறு உங்களுடையது இல்லை. ஜர்னலில் அந்தக் குவெஸ்ட்டின் டிக்கை எடுத்துவிட்டால் மார்க்கர் போய்விடும். ஆனால் ஜர்னல் சொல்வது ‘இன்ன இடத்துக்குப் போய் இன்ன பொருளை எடு’ என்பது மட்டுமே. அந்த இடம் எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. மார்க்கர் உண்டு என்று நம்பி எழுதிய கேமில் மார்க்கரை எடுத்தால் மிஞ்சுவது வெறும் இருட்டு. பிசி-யில் ஆடுகிறீர்கள் என்றால் ‘ஈவன் பெட்டர் குவெஸ்ட் அப்ஜெக்டிவ்ஸ்’ என்ற மாட்-ஐ (ரசிகர்கள் செய்த கூடுதல் கோப்பு) போடுங்கள், குவெஸ்ட் வரிகளிலேயே திசை சொல்லும். முதலில் அது, பிறகுதான் மார்க்கரை அணைப்பது.

இன்னொரு விஷயம்: சாலைப் பிரிவுகளில் ஊர்ப் பெயர் எழுதிய பலகைகள் உண்டு. மார்க்கர் இருக்கும்வரை அவற்றை ஏறெடுத்தும் பார்த்திருக்க மாட்டோம்.

வேலைக்குப் போறவன் நான். வாரக் கடைசியில ரெண்டு மணி நேரம் கிடைச்சா பெருசு. எனக்கு மார்க்கர் இல்லாம சரிப்படாது.

தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு வாரம் கழித்துத் திறக்கும்போது எங்கே போவது என்பதைத்தான் மார்க்கர் சொல்லும். எதற்காகப் போகிறோம் என்பது அதற்குத் தெரியாது. அங்கே ஜர்னல்தான் கைகொடுக்கும். விட்சர் 3-இல் (2015) ஜர்னல் முழுக்க டேண்டலியன் என்ற பாட்டுக்காரனின் குரலில், கொஞ்சம் நக்கலோடு இருக்கும். சேவ் ஃபைல் திறக்கும்போதே கதை எங்கே நிற்கிறது என்று ஒரு குரல் சொல்லிவிடும். நேரம் இல்லாதவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எல்டன் ரிங்ல ஜர்னலே கிடையாது, ஆனா அதைத் தலையில தூக்கி வெச்சு ஆடுறாங்களே?

ஜர்னல் இருக்கிறது, கேமுக்கு வெளியே. ரசிகர்கள் எழுதும் விக்கி தளத்தில்.

மையக் கதைக்கு அது தேவைப்படவில்லை என்பது சரிதான். எர்ட்ட்ரீ என்ற மாபெரும் மரம் கிட்டத்தட்ட எங்கிருந்தும் தெரிகிறது, கிரேஸ் என்ற ஓய்விடங்களிலிருந்து கிளம்பும் ஒளிக்கீற்று திசை காட்டுகிறது. ஆனால் கிளைக்கதைகளில் ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் இடம் மாறுவார்கள். 2022 பிப்ரவரியில் கேம் வந்தது. மார்ச்சிலேயே 1.03 பேட்ச்சில், சந்தித்த ஆட்களின் பெயரையும் ஐகானையும் மேப்பில் காட்டத் தொடங்கினார்கள். புலம்பல் காதில் விழுந்திருக்கும்.

வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேமிலும் இதே கதைதான். 2004-இல் குவெஸ்ட் எழுத்தைப் படித்துத்தான் தேடவேண்டும். பேரன்ஸ் புல்வெளியில் மேன்க்ரிக் என்ற பாத்திரத்தின் மனைவி எங்கே என்று சாட்டில் கேட்காத ஆளே இல்லை. அப்புறம் தாட்பாட் என்ற தளத்தில் தேடினார்கள், குவெஸ்ட்ஹெல்ப்பர் என்ற கூடுதல் மென்பொருளை (ஆட்-ஆன்) போட்டுக்கொண்டார்கள். 2009 டிசம்பரில் 3.3 பேட்ச்சில் கேமே அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. கேம் வழி சொல்லாவிட்டால் ஆடுபவர் வேறெங்காவது போய்க் கேட்பார், அவ்வளவுதான்.

சார், என் பையனுக்கு பத்து வயது. கேம் சொல்வதை அப்படியே செய்யாமல் தானாக யோசிக்க வைக்கும் கேம் ஏதாவது உண்டா?

ஸெல்டா: ப்ரெத் ஆஃப் த வைல்டு (2017). கோபுரத்தில் ஏறினால் அந்தப் பகுதியின் மலையும் ஆறும் மேப்பில் விரியும், ஆனால் அங்கே என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று காட்டாது. தொலைநோக்கியில் பார்த்து அவனே மேப்பில் அடையாள ஊசி குத்திக்கொள்ள வேண்டும். முக்கியமான குவெஸ்ட்களுக்கு மார்க்கர் உண்டு, ஆகவே திணற மாட்டான்.

அதில் எனக்கு மிகவும் பிடித்த குவெஸ்ட் ஒன்று. 12 புகைப்படங்கள் கொடுப்பார்கள், அவை எடுக்கப்பட்ட இடங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். மார்க்கர் இல்லை. படத்தின் பின்னணியில் தெரியும் மலை முகட்டையும் மரத்தையும் வைத்துத்தான் தேட வேண்டும். தெரியாவிட்டால் ஊர் ஊராகச் சுற்றும் ஓர் ஓவியர் துப்புக் கொடுப்பார். பையனோடு நீங்களும் உட்காருங்கள்.

கோஸ்ட் ஆஃப் சுஷிமா காத்து?

போகவேண்டிய பக்கம் காற்று வீசி வழி காட்டுமே, அதுவும் மார்க்கர்தான், அழகான மார்க்கர். ஆனால் கண் திரையின் மூலையிலிருக்கும் மினிமேப்பில் ஒட்டாமல் நிலத்தின் மேலேயே இருக்கிறதே, அந்த ஒன்றுக்காகவே மதிக்கிறேன்.

அசாசின்ஸ் கிரீட் ஒடிசியில எக்ஸ்ப்ளோரேஷன் மோடு போடலாமா?

போடுங்கள். எந்த நாடு, எந்தப் பக்கம், எதற்கு அருகில் என்று துப்பு தருவார்கள். பக்கத்தில் போய், கூடவே வரும் கழுகை விட்டுத் தேட வேண்டும். நீளமான கேம் அது. முப்பது மணி நேரத்துக்குப் பிறகு நீங்களே மார்க்கர் காட்டும் கைடட் மோடுக்கு மாறினால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

கம்ப்யூட்டர்ல ஜர்னல் வர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணாங்க?

காகிதம்தான். 1988-இல் வந்த பூல் ஆஃப் ரேடியன்ஸ் கேமோடு அச்சிட்ட ஜர்னல் ஒன்று வரும். டிஸ்க்கில் இடம் போதாது என்பதால், ‘இந்த எண்ணுள்ள பத்தியைப் படி’ என்று திரையில் சொல்லும். முன்கூட்டியே புரட்டிப் பார்க்கும் குறும்பர்களுக்காக நடுநடுவே பொய்ப் பத்திகளையும் அச்சிட்டிருந்தார்கள். இந்தக் குசும்பு இன்றைய கேம்களில் இல்லை.

அண்ணா, நான் கோடோங்கிற கேம் உருவாக்கும் எஞ்சின்ல சின்னதா ஒரு தமிழ் ஆர்பிஜி பண்ணிட்டிருக்கேன். மார்க்கர் வேண்டாம்னு முடிவு. என்ன கவனிக்கணும்?

முதலில் நிலம், பிறகு வசனம். ஒரு அடையாளத்தில் நின்றால் அடுத்த அடையாளம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கோபுரம், ஒற்றைப் பனை, உடைந்த மதகு, எதுவானாலும் சரி. ஒரு வழிக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம், நினைவில் நிற்காது.

வழியைச் சொல்பவர் யார் என்று பாருங்கள். மீனவர் ஆற்றை வைத்துச் சொல்வார், மாட்டு வியாபாரி சந்தையை வைத்துச் சொல்வார். இடது, வலது என்று எழுதினால் ஆடுபவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. நம் ஊர்ப்பக்கம் ‘கிழக்கால போயி வடக்கால திரும்பு’ என்பதுதானே பேச்சு? அதையே வையுங்கள். கூடவே ஒரு திசைகாட்டி.

அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே ஜர்னலில் ஏற்றுங்கள், சுருக்காதீர்கள். திரும்பப் போய்க் கேட்டால் அவர் மறுபடி சொல்ல வேண்டும். தப்பான குகைக்குப் போனவருக்கும் அங்கே ஏதாவது கிடைக்கட்டும், இல்லாவிட்டால் கோபத்தில் மூடிவிடுவார். வசனத்தில் வரும் ஒவ்வொரு இடத்தையும் தனிக் கோப்பில் குறித்து வையுங்கள். பனையை நகர்த்திய அன்று எந்தெந்த வசனத்தைத் திருத்துவது என்று தெரியும்.

மார்க்கரை ஆப்ஷனாகவாவது வைத்துவிடுங்கள். படிக்கச் சிரமப்படுகிறவர்களும், திசை சட்டென்று பிடிபடாதவர்களும் ஆடுவார்கள்.

மாரோவிண்டை இப்ப ஆடிப் பார்க்கணும்னா எப்படி? பழைய லேப்டாப்தான் இருக்கு.

ஒரிஜினல் கேமை வாங்கி, ஓப்பன்எம்டபிள்யூ என்ற இலவச எஞ்சினில் ஓட்டுங்கள். லோக்கல் மேப்பில் டபுள் கிளிக் செய்து குறிப்பு எழுதிக்கொள்ளலாம். ஊரைவிட்டுக் கிளம்பியதும் ஓடிக்கொண்டே போய்ச் சண்டையில் இறங்காதீர்கள். ஓடினால் களைப்புப் பட்டை காலியாகும், அது காலியாக இருக்கும்போது வீசுகிற கத்தி பாதி நேரம் படவே படாது. எலியிடம் செத்துவிட்டு என்னைத் திட்டக்கூடாது.