விசைத்தறி சத்தமும் காது இரைச்சலும்: பாதாம் போதுமா?

வணக்கம் சகோ. பல வருஷமாக விசைத்தறி வேலை, ராத்திரியில் காதுக்குள் ரீங்காரம், பாதாமும் பூசணி விதையும் சாப்பிட்டால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சாப்பிடுங்கள், அதிலுள்ள மெக்னீசியம் நல்லதுதான். ஆனால் உள்காதில் சத்தத்தை உணரும் மயிர்ச்செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது, எந்தச் சாப்பாடும் அதை மீட்காது. ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் சத்தம்தான் காதுக்குப் பரிந்துரைக்கப்படும் வரம்பு. தறிக்கூடம் அதைச் சாதாரணமாகத் தாண்டும். அதனால் முதலில் இயர்பிளக், அப்புறம்தான் பாதாம்.

சுத்த சைவம் என்கிறீர்களே, வைட்டமின் பி12 ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கீரையிலும் பருப்பிலும் அந்தச் சத்து கிடையாது, பால் தயிரில் கொஞ்சம் உண்டு. அது குறைந்தால் நரம்புகள் பாதிக்கப்படும். சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

ஒரு காது திடீரென்று மந்தமானால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஓடுங்கள். நாள் தள்ளினால் ஸ்டீராய்டு சிகிச்சையின் பலன் குறையும்.