வெளிநாட்டு பையருக்கு ஏஐ வைத்து மெயில் எழுத ப்ராம்ப்ட் எப்படிக் கொடுப்பது?

"திருப்பூரில் சின்ன பனியன் யூனிட். சாட்ஜிபிடியில் எழுதி வாங்கிய மெயிலை 300 பையருக்கு அனுப்பினேன், ஒரு பதில்கூட வரவில்லை, நல்ல ப்ராம்ப்ட் இருந்தால் தாருங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் ப்ராம்ப்டாக, அதாவது ஏஐக்குக் கட்டளையாக, கொடுத்தது அநேகமாக இப்படி இருந்திருக்கும்: "நாங்கள் டீ-ஷர்ட் ஏற்றுமதி செய்கிறோம், ஐரோப்பிய பையருக்கு நல்ல மெயில் ஒன்று எழுது." இதற்கு எந்த ஏஐயும் ஒரே மெயிலைத்தான் தரும். உயர்ந்த தரம், நியாயமான விலை, சொன்ன தேதியில் டெலிவரி. பக்கத்துத் தெரு யூனிட்டிலிருந்தும் அதே பையருக்கு அதே வரிகள்தான் போகின்றன. ஏஐக்கு ஆங்கிலம் தெரியும், உங்கள் யூனிட்டைத் தெரியாது. அதனால் ப்ராம்ப்டில் முக்கால்வாசி இடம் சரக்கு விவரத்துக்குப் போக வேண்டும்.

முதலில் ஒரு பக்கத்துக்கு விவரத் தாள் தயார் செய்யுங்கள். ஒருமுறை செய்தால் போதும். என்ன துணி, என்ன ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), நூல் கவுண்ட் (நூலின் பருமன்), மாதம் எத்தனை பீஸ், எது சொந்த மெஷினில், எது ஜாப் ஒர்க் (வெளியே கொடுத்துச் செய்வது), சாம்பிளுக்கு எத்தனை நாள், எந்தச் சான்றிதழ் எந்தத் தேதி வரை. குறைந்தபட்ச ஆர்டர் எண்ணிக்கையை மட்டும் காரணத்தோடு எழுதுங்கள். 160 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சியில் பெரியவர் டீ-ஷர்ட் ஒன்றுக்கு வேஸ்டேஜ் சேர்த்து 200 கிராம் துணி என்று வைத்தால், 100 கிலோ சாய லாட்டில், அதாவது ஒரே தடவையில் சாயம் போடும் துணியில், 500 பீஸ் வரும். "ஒரு கலருக்கு 500 பீஸ், ஏனென்றால் எங்கள் சாய லாட் 100 கிலோ" என்று படிக்கும் பையருக்கு, எழுதியவருக்குத் தொழில் தெரியும் என்று புரிந்துவிடும். தானாக இந்த வரியை ஏஐ எழுதவே எழுதாது.

சாயம் எங்கே போடுகிறீர்கள் என்பதையும் சேர்க்கலாம். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011-இல் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு மாறிய பிறகுதான் அவை மீண்டும் ஓடின. உங்கள் சாயப்பட்டறை எந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பு என்று கேட்டு, அந்தப் பெயரைத் தாளில் எழுதுங்கள்.

அடுத்தது பையர் பக்கம். அவர்களுடைய வலைத்தளத்தில் ஒரு பொருளின் விவரத்தை, துணிக் கலவை உட்பட, அப்படியே எடுத்து ப்ராம்ப்டில் ஒட்டுங்கள். லிங்க் மட்டும் கொடுத்தால், அந்தப் பக்கத்தைத் திறக்க முடியாத ஏஐ கம்பெனிப் பெயரை வைத்து ஊகித்து எழுதிவிடும். பெயரில் "கிட்ஸ்" என்று இருந்ததற்காக, பெரியவர் உள்ளாடை மட்டும் விற்கும் கம்பெனிக்குக் குழந்தை உடை பற்றி மெயில் போய்விடும்.

இனி ப்ராம்ப்ட். தமிழிலேயே எழுதலாம், ஆங்கில மெயில் வரும்:

"கீழே இரண்டு பகுதிகள்: எங்களிடம் உள்ளது, அவர்கள் விற்பது. இவற்றில் இல்லாத சான்றிதழ், எண்ணிக்கை, வாடிக்கையாளர் பெயர் எதையும் சேர்க்காதே. விவரம் போதாத இடத்தில் 'கேள்' என்று எழுதி விடு. ஆங்கிலத்தில் 90 வார்த்தைக்குள் ஒரு மெயில். முதல் வரி அவர்கள் விற்கும் இந்தப் பொருளைப் பற்றி. இரண்டாம் வரி அதே துணியில் நாங்கள் செய்வது பற்றி. பாராட்டு, நலம் விசாரிப்பு வேண்டாம். சோர்சிங் (கொள்முதல்) பார்ப்பவர் ஒரே வரியில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியோடு முடி. தலைப்பு ஆறு வார்த்தைக்குள், அதில் துணியின் பெயர் இருக்க வேண்டும்."

"சேர்க்காதே" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். "ஆர்கானிக் காட்டன்" என்ற சொல் கண்ணில் பட்டதும் ஜிஓடிஎஸ் என்ற ஆர்கானிக் துணிச் சான்றிதழும் இருப்பதாக ஏஐ எழுதக்கூடும். உங்களிடம் இருப்பது ஓகோடெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 மட்டும் என்றால் அது பொய். ஓகோடெக்ஸ் துணியில் தீங்கான ரசாயனம் இருக்கிறதா என்று சோதிப்பது. ஜிஓடிஎஸ் என்றால் நூற்பிலிருந்து தையல் வரை ஒவ்வொரு கட்டமும் சான்று பெற்றிருக்க வேண்டும். "ஆர்கானிக்" லேபிளுக்கு 95 சதவீதமாவது ஆர்கானிக் நார் வேண்டும். ஜிஓடிஎஸ் அமைப்பின் பொதுத் தரவுத்தளத்தில் பையர் உங்கள் பெயரைத் தேடிப் பார்ப்பார். இல்லை என்றால் அந்தக் கம்பெனியோடு உங்கள் கதை முடிந்தது.

மெயில் வந்ததும் இன்னொரு ப்ராம்ப்ட்: "வேறொரு பனியன் யூனிட்டும் அப்படியே அனுப்பக்கூடிய வரிகளைக் காட்டு." காட்டியதை எல்லாம் வெட்டுங்கள். பெரும்பாலும் 90 வார்த்தை 60 ஆகும். அது போதும். அடுத்த கம்பெனிக்குப் புது சாட் திறந்து, தாளை மறுபடி ஒட்டுங்கள். ஒரே சாட்டில் தொடர்ந்தால் முந்தைய கம்பெனியின் விவரம் அடுத்த மெயிலில் கலந்துவிடும். விலைப் பட்டியலையும் இப்போதைய பையர்களின் பெயரையும் ஒட்ட வேண்டாம். இலவசக் கணக்கில் நீங்கள் தருவது பயிற்சிக்குப் போகலாம். அமைப்புகளில் அதை நிறுத்தி வையுங்கள்.

"கையால் எழுதலாமே, இதற்கு எதற்கு ஏஐ" என்று கீழே கமெண்டில் யாராவது கேட்பார்கள். எழுத வருபவர்கள் எழுதட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் துணியைத் தொட்டே ஜிஎஸ்எம் சொல்லும், ஷேட் மாறினால் நிறம் ஒப்பிடும் லைட் பாக்ஸ் இல்லாமலே பிடித்துவிடும் மெர்ச்சண்டைசர்களை (ஆர்டரைக் கவனிப்பவர்களை), ஆங்கிலம் வரவில்லை என்ற ஒரே காரணத்தால் பையர் முன்னால் உட்கார விடாத முதலாளிகள் இங்கே நிறைய. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்குச் சம்பளம் கூட. இது எனக்கு நெடுநாள் ஆற்றாமை. அந்த மெர்ச்சண்டைசர் தமிழில் சொல்லும் விவரம்தான் இந்த ப்ராம்ப்டின் உயிர். அவரிடமே இந்த வேலையைக் கொடுங்கள்.

உங்கள் 300 மெயில் பதிலில்லாமல் போனதற்கு எழுத்து மட்டும் காரணம் என்றும் நினைக்க வேண்டாம். பாதி ஸ்பாமில் விழுந்திருக்கலாம். மெயில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று உறுதி செய்யும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் உங்கள் டொமைனில் (மெயில் முகவரியில் @-க்குப் பின் வரும் பெயரில்) இருக்கிறதா என்று டொமைன் வைத்துக் கொடுத்தவரிடம் கேளுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் எல்லா அனுப்புநரிடமும் முதல் இரண்டில் ஒன்றாவது கேட்கிறது. நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புபவர்களுக்கு மூன்றும் கட்டாயம். புது டொமைன் என்றால் நாளுக்கு 15, 20 போதும். முதல் மெயிலில் கேட்டலாக் இணைக்காதீர்கள்.

நாட்டுக்கு நாடு சட்டமும் வேறு. ஜெர்மனியில் கம்பெனிக்கு அனுப்பினாலும் விளம்பர மெயிலுக்கு முன்சம்மதம் தேவை. அங்கே கண்காட்சியில் பார்த்துப் பேசி, மெயில் அனுப்பலாமா என்று நீங்கள் கேட்டு, சரி என்றவர்களுக்கு மட்டும் எழுதுங்கள். அமெரிக்காவில் முன்சம்மதம் தேவையில்லை. 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் தபால் முகவரியும் 'இனி வேண்டாம்' என்று சொல்ல வழியும் மெயிலில் இருக்க வேண்டும், சொன்னால் 10 வேலை நாளுக்குள் நிறுத்த வேண்டும்.

பதில் இல்லாவிட்டால் ஐந்து வேலை நாள் கழித்து இரண்டாம் மெயில். முதல் மெயிலை ஒட்டி, "ஞாபகப்படுத்தாதே, தாளிலிருந்து புதிதாக ஒரு விவரம் மட்டும் சொல், 40 வார்த்தை" என்று கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்தப் பெயரை ஆறு மாதம் ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்த கம்பெனியின் பக்கத்தைத் திறங்கள்.