பேக்நியூ கோப்புகளை அழிக்கலாமா, மேலெழுதலாமா?

கேள்வி: பல மாதங்கள் கழித்து ஆர்ச் லினக்ஸ் மடிக்கணினியை அப்டேட் செய்யப் போனேன். 'கம்யூனிட்டி.டிபி' கோப்பு கிடைக்கவில்லை, 404 என்று சொல்லி, பேக்கேஜ்களை நிறுவும் பேக்மேன் நின்றுவிட்டது. காரணம் தேடும்போது, அமைப்புக் கோப்புகள் இருக்கும் எட்சி (/etc) அடைவுக்குள் '.பேக்நியூ' என்று முடியும் கோப்புகள் பதினொன்று கிடப்பதைப் பார்த்தேன். அப்டேட் ஓடும்போது வரும் எச்சரிக்கைகளை நான் படித்ததே இல்லை. இவற்றை அழித்துவிடலாமா? இல்லை, பழைய கோப்புகளின் மேல் அப்படியே எழுதிவிடலாமா?

பதில்: இரண்டையுமே கண்ணை மூடிக்கொண்டு செய்யாதீர்கள். அந்த 404 பிழைக்கான பதிலே நீங்கள் அழிக்க நினைக்கும் பதினொன்றில் ஒன்றுக்குள் இருக்கலாம். 'பேக்மேன்.கான்ஃப்.பேக்நியூ' என்று ஒன்று இருக்கிறதா, பாருங்கள்.

2023 மே மாதம் ஆர்ச் தன் பேக்கேஜ் மூலங்களை கிட் (Git) என்ற பதிப்பு மேலாண்மைக் கருவிக்கு மாற்றியபோது, 'கம்யூனிட்டி' ரெப்போவை (பேக்கேஜ் களஞ்சியத்தை) 'எக்ஸ்ட்ரா'வுடன் இணைத்துவிட்டது. அந்த மாற்றத்தோடு புதிய பேக்மேன்.கான்ஃப் கோப்பும் வந்தது. உங்கள் கோப்பில் நீங்கள் ஏற்கெனவே கை வைத்திருந்ததால், பேக்மேன் அதைத் தொடாமல் புதியதைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கும். யாருடைய கணினியும் முடங்கிவிடக் கூடாதென்று காலியான கம்யூனிட்டி ரெப்போவை ஏறத்தாழ இரண்டு வருடம் விட்டுவைத்தார்கள். 2025 மார்ச் 1-ஐ நாள் குறித்து, முன்கூட்டியே அறிவித்துவிட்டு அகற்றினார்கள். உங்கள் கோப்பு இன்னும் அந்தக் காலி வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் இதைச் சரிசெய்வோம். ரூட் அனுமதியுடன் பேக்மேன்.கான்ஃப் கோப்பைத் திறந்து, சதுர அடைப்புக்குள் கம்யூனிட்டி என்றிருக்கும் வரியையும் அதன் கீழே இருக்கும் இன்க்லூட் வரியையும் நீக்குங்கள். இவ்வளவு நாள் அப்டேட் செய்யாததால், அடுத்து கையொப்பம் நம்பகமற்றது என்ற பிழை வரக்கூடும். அப்படி வந்தால், கையொப்பச் சாவிகள் அடங்கிய ஆர்ச்லினக்ஸ்-கீரிங் பேக்கேஜை மட்டும் முதலில் புதுப்பித்துவிட்டு, மூச்சுவிடாமல் முழு அப்டேட்டையும் முடித்துவிடுங்கள். ரெப்போ பட்டியலை மட்டும் புதுப்பித்து ஒரு பேக்கேஜைத் தனியாக நிறுவுவது ஆர்ச்சில் ஆகாத காரியம். கீரிங்குக்கு மட்டும் விதிவிலக்கு, அதுவும் முழு அப்டேட் உடனே தொடர்ந்தால்தான்.

சரி, இப்போது அந்தப் பதினொன்றுக்கு வருவோம். பேக்மேன் எப்போது பேக்நியூ உருவாக்குகிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். பேக்கேஜ் செய்பவர் சில கோப்புகளை 'பேக்கப்' பட்டியலில் குறித்து வைத்திருப்பார். அப்டேட்டின்போது பேக்மேன் அப்படிப்பட்ட ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று ஹாஷ்களை (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்களை) ஒப்பிடும்: பழைய பேக்கேஜோடு வந்தது, இப்போது உங்கள் வட்டில் இருப்பது, புதிய பேக்கேஜில் வருவது. நீங்கள் மாற்றவே இல்லையென்றால் புதியது பேசாமல் உட்கார்ந்துவிடும். நீங்கள் மாற்றியிருந்து, அவர்கள் மாற்றவில்லையென்றால் உங்களுடையது அப்படியே இருக்கும். இருவரும் ஆளுக்கொரு விதமாக மாற்றியிருந்தால்தான் பேக்நியூ வரும். ஆக, அது பிழையும் இல்லை, குப்பையும் இல்லை. உங்கள் மாற்றத்தையும் அவர்கள் மாற்றத்தையும் சேர்த்துப் பார்க்க ஒரு மனிதர் வேண்டும் என்று பேக்மேன் கேட்கிறது, அவ்வளவுதான்.

பார்ப்பதற்கு 'பேக்டிஃப்' என்ற கருவி இருக்கிறது. பேக்மேன்-கான்ட்ரிப் பேக்கேஜில் வரும், தனியாக நிறுவ வேண்டும். சும்மா ஓட்டினால் ஒவ்வொரு கோப்பாக எடுத்து, பார்க்கவா, இணைக்கவா, தள்ளிப்போடவா, பேக்நியூவை நீக்கவா, மேலெழுதவா என்று கேட்கும். ஒப்பிட்டுக் காட்ட இயல்பாக விம் என்ற எடிட்டர் திறக்கும். விம் பழக்கமில்லையென்றால் டிஃப்ப்ரோக் (DIFFPROG) என்ற சூழல் மாறியில் மெல்ட் போன்ற வேறு ஒன்றைக் கொடுங்கள். முதல் தடவை சின்ன பி (-b) விருப்பத்தோடு ஓட்டுவது நல்லது. மேலெழுதும்போது பழையதை '.பேக்' (.bak) என்ற பெயரில் வைத்துக்கொள்ளும்.

இந்த விருப்பம் எனக்குத் தெரியாத காலத்தில், ஒரு நாள் இரவு தூக்கக் கலக்கத்தில் வரிசையாக 'மேலெழுது' என்றே அழுத்திக்கொண்டு போனேன். அதில் பாஸ்வேர்டு கோப்பும் இருந்தது. மறுநாள் என் பயனர் பெயரையே கணினிக்குத் தெரியவில்லை. யுஎஸ்பியிலிருந்து பூட் செய்து, ஆர்ச்-க்ரூட் கட்டளை வழியாக என் வட்டில் நிறுவிய சிஸ்டத்துக்குள் போய், பாஸ்வேர்டு கோப்பின் பெயர் முடிவில் ஒற்றைக் கோடோடு இருக்கும் பழைய நகலை எடுத்துத்தான் மீண்டேன்.

அதனால் எட்சியில் பாஸ்வேர்டு, ஷேடோ, குரூப், ஜிஷேடோ ஆகிய நான்கின் மேலும் எக்காரணம் கொண்டும் மேலெழுதாதீர்கள். புதியதில் இருப்பது வெறும் அடிப்படைக் கணக்குகள், உங்கள் கணக்கு அதில் இருக்காது. வித்தியாசத்தைப் பார்த்து, புதிதாக ஒரு சிஸ்டம் பயனர் வரி வந்திருந்தால் அதை மட்டும் சேர்த்துவிட்டு பேக்நியூவை நீக்குங்கள்.

மிரர்லிஸ்ட் (பேக்கேஜ்களை இறக்கும் சர்வர்களின் பட்டியல்) பேக்நியூ அநேகமாக இருக்கும். அதில் எல்லா மிரர்களும் செயல்படாத கருத்து வரிகளாக, முன்னால் ஹாஷ் (#) குறியோடு வரும். அப்படியே மேலெழுதினால் பேக்மேனுக்கு இறக்க ஒரு சர்வரும் இருக்காது. உங்கள் மிரர்கள் ஒழுங்காக வேலை செய்தால் இந்தப் பேக்நியூவைத் தயங்காமல் அழிக்கலாம். லோகேல்.ஜென் கோப்பும் இதே ரகம்தான்: புதியதை வைத்தால் உங்கள் மொழி வரி மறுபடி கருத்தாகிவிடும்.

சூடோ அனுமதிகள் இருக்கும் சூடோயர்ஸ் கோப்பை விசூடோ கட்டளை வழியாக மட்டும் திருத்துங்கள். ஒரு எழுத்துப் பிழை போதும், சூடோவே செத்துவிடும். தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சர்வரின் கோப்பை மாற்றினால், சேவையை மறுதொடக்கம் செய்யுமுன் எஸ்எஸ்ஹெச்டி கட்டளையைச் சின்ன டி (-t) விருப்பத்தோடு ஓட்டிப் பாருங்கள். பிழையில்லையென்றால் எதுவும் சொல்லாது. பூட் இமேஜில் எதெல்லாம் சேர வேண்டும் என்று சொல்லும் எம்கேஇனிட்சிபிஐஓ.கான்ஃப்பில் ஹூக்ஸ் வரிதான் உயிர். வட்டைக் குறியாக்கம் செய்திருந்தால் நீங்கள் சேர்த்த என்க்ரிப்ட் ஹூக் புதியதில் இருக்காது. அது இல்லாமல் இமேஜ் உருவானால் கணினி பூட் ஆகாது. இணைத்து முடித்த கையோடு எம்கேஇனிட்சிபிஐஓ கட்டளையைப் பெரிய பி (-P) விருப்பத்தோடு ஓட்டி, வெளியீட்டைப் படித்துவிட்டே ரீபூட் செய்யுங்கள்.

பேக்மேன்.கான்ஃப்பை மட்டும் நான் நேர்மாறாகச் செய்வேன். புதியதை அடித்தளமாக வைத்து, என் மாற்றங்களை அதில் ஏற்றுவேன். ஏனென்றால் இதில் அவர்கள் செய்யும் மாற்றங்களுக்கு அநேகமாக ஒரு காரணம் இருக்கும். உதாரணமாக, 2024-இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து 'டவுன்லோட்யூசர்' என்ற வரி உண்டு. பேக்கேஜ்களை ரூட்டாக இறக்காமல் 'ஆல்ப்ம்' என்ற குறைந்த அனுமதியுள்ள பயனராக இறக்கச் செய்வது அது. பேக்நியூவை இணைக்காதவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இன்னும் வந்து சேரவில்லை. சொந்தமாக லோக்கல் ரெப்போ வைத்திருந்தால் மட்டும், அந்த அடைவை ஆல்ப்ம் குழு படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

மற்றபடி அந்தக் கோப்பில் நீங்கள் போட வேண்டியவை கொஞ்சம்தான். 'பேரலல்டவுன்லோட்ஸ்' 5 போதும். 'கலர்' போட்டால் எச்சரிக்கைகள் கண்ணில் படும், உங்களுக்கு அது அவசியம். 'ஐலவ்கேண்டி' போட்டால் முன்னேற்றப் பட்டையில் பேக்-மேன் மிட்டாய் தின்றுகொண்டே ஓடும். பயன் ஒன்றும் இல்லை, நான் போட்டிருக்கிறேன். 'இக்னோர்பிகேஜி' (IgnorePkg) வரியில் கெர்னலை நிறுத்தி வைக்கச் சிலர் சொல்வார்கள். ஒரு வாரத்துக்குச் சரி, மறந்துபோய் மாதக்கணக்கில் விட்டால் அரைகுறை அப்டேட்டின் எல்லா வம்பும் வரும். 'நோஅப்கிரேட்' வரியில் ஒரு கோப்பைக் குறித்தால் பேக்மேன் அதைத் தொடவே தொடாது, ஆனால் பேக்நியூ வருவது நிற்காது.

பேக்நியூ எண்ணிக்கையைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. சூடோயர்ஸ்.டி, எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்.டி போல '.டி' என்று முடியும் அடைவு இருந்தால், உங்கள் மாற்றத்தை அதற்குள் தனிக் கோப்பாக வையுங்கள். சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்கும் இதே முறை உண்டு. மூலக் கோப்பு கைபடாமல் இருப்பதால், அப்டேட்டில் அது தானாகவே புதியதாகிவிடும். நீங்கள் இதுவரை எதையெல்லாம் மாற்றியிருக்கிறீர்கள் என்று மறந்துவிட்டதா? பேக்மேனைப் பெரிய க்யூவும் இரண்டு சின்ன ஐயும் (-Qii) கொடுத்து ஓட்டுங்கள். ஒவ்வொரு பேக்கேஜின் பேக்கப் கோப்பும் மாற்றப்பட்டதா இல்லையா என்று காட்டும்.

அந்தப் பதினொன்று போக '.பேக்சேவ்' என்று முடிவதும் ஏதாவது கிடந்தால், அது வேறு கதை. நீங்கள் நீக்கிய பேக்கேஜின், உங்கள் கைபட்ட கான்ஃபிக் கோப்பு அது. அந்த மென்பொருளை மறுபடி நிறுவும் எண்ணம் இல்லையென்றால் அழித்துவிடுங்கள்.