மலையும் பாலமும் ஒரே சாம்பலாக வருகிறதே, ஏன்?

செங்கோட்டைப் பக்கம் புளியறையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "நாற்பது வயதுக்கு மேல் பென்சில் ஓவியம் பழக ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. செங்கோட்டை–கொல்லம் ரயில் பாதையில் இருக்கிற கழுதுருட்டி பதிமூன்று கண் பாலத்தை போனில் படம் எடுத்துவந்து ஐந்து தடவை வரைந்துவிட்டேன். மலை, பாலம், தென்னை எல்லாமே ஒரே சாம்பலாக, தட்டையாக வருகிறது. நல்ல பென்சில் செட் வாங்கினால் சரியாகுமா?"

ஆகாது. அந்தக் காசுக்குக் கொஞ்சம் கனமான தாள் வாங்குங்கள்.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். கோடு மோசமில்லை, தூண்கள் நிமிர்ந்துதான் நிற்கின்றன. கோளாறு கருமையில். எச்.பி. பென்சில் ஒன்றையே வைத்து, ஒரே அழுத்தத்தில் தீட்டி, விரலால் தேய்த்துவிட்டிருக்கிறீர்கள். விரலில் இருக்கும் எண்ணெய்ப்பசை தாளில் ஏறிவிட்டால் அந்த இடத்தில் ரப்பரும் சரியாக எடுக்காது. ஒரு மாதத்துக்கு விரலைப் படத்தில் வைக்காதீர்கள்.

பென்சில் முனை கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டது. 1795-இல் பிரான்ஸில் காண்டே என்பவர் காப்புரிமை வாங்கிய முறை. களிமண் கூடினால் முனை கடினம், கோடு வெளிறும், அது எச். களிமண் குறைந்தால் மென்மை, நல்ல கறுப்பு, அது பி. எச்.பி. இரண்டுக்கும் நடுவில். அதை எவ்வளவு அழுத்தினாலும் ஓரளவுக்கு மேல் கறுக்காது, தாள்தான் பள்ளமாகி மினுங்கும். எச்.பி., 2பி, 6பி மூன்றும் இருந்தால் போதும். அப்சராவோ கேம்லினோ, பக்கத்துக் கடையில் கிடைப்பது எதுவானாலும் சரி. நான் பழகிய நாளில் தகர டப்பாவில் பன்னிரண்டு பென்சில் வாங்கினேன். ஒன்பதைப் பிள்ளைகள் கணக்கு நோட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

முதலில் தாள் ஓரத்தில் ஐந்து கட்டம் போடுங்கள். முதல் கட்டம் வெறும் தாள், கடைசிக் கட்டம் 6பி-யால் முடிந்தவரை கறுப்பு. நடுவில் உள்ள மூன்றையும் படிப்படியாக நிரப்புங்கள். மூன்றாவதும் நான்காவதும் ஒன்றுபோலத்தான் வரும், திரும்பப் போடுங்கள். இனி எந்தப் படம் வரைந்தாலும் இந்தப் பட்டை பக்கத்தில் இருக்கட்டும்.

அப்புறம் மலை. உங்கள் ஊருக்கு மலை மேற்கே. காலையில் வெயில் அதன் முகத்தில் விழும், மடிப்பும் பாறையும் எல்லாம் தெரியும், ஆரம்பக்காரருக்குத் தலை சுற்றும். சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் அவ்வளவும் மறைந்து அடுக்கடுக்கான உருவம் மட்டும் நிற்கும். அப்போது உட்காருங்கள். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். எதிரே வயலோரத் தென்னை ஐந்தாம் கட்டக் கறுப்பு, பக்கத்து மலை மூன்று, தூரத்து மலை இரண்டு. நீங்களோ மலை பெரியது என்பதற்காக அதையே எல்லாவற்றையும்விடக் கறுப்பாகத் தீட்டியிருக்கிறீர்கள். உங்களுக்கும் மலைக்கும் நடுவே அத்தனை தூரம் காற்று இருக்கிறது, சாரல் காலத்தில் மஞ்சும் சேர்ந்துகொள்ளும். தூரம் போகப் போக வெளிறத்தான் செய்யும்.

பாலத்துக்கு வருவோம். முதல் கண்ணை, அதாவது இரண்டு தூணுக்கு நடுவே இருக்கிற வளைவை, அக்கறையாக வரைந்து, ஒவ்வொன்றாக நகர்ந்து, பத்தாவதில் தாள் முடிந்து, கடைசி மூன்றையும் ஓரத்தில் நெருக்கி அடைத்திருக்கிறீர்கள். எல்லோரும் செய்கிற காரியம்தான். பாலம் ரோட்டை ஒட்டியே இருக்கிறது, பஸ் ஏறிப் போய் நேரில் பார்த்து வரையுங்கள். முழங்கை மடங்காமல் கையை நீட்டுங்கள், ஒரு கண்ணை மூடுங்கள், பென்சில் நுனியைப் பக்கத்துத் தூணின் தலைக்குப் பொருத்தி, அடியைக் கட்டைவிரலால் குறியுங்கள். அந்த உயரத்துக்குப் பாலத்தின் நீளம் எத்தனை மடங்கு என்று அளந்து, தாளில் இரண்டு முனையையும் முதலில் குறித்துவிடுங்கள்.

அடுத்து, தூணை வரைய வேண்டாம், ஓட்டையை வரையுங்கள். பாலத்தின் கண்ணுக்குள்ளே தெரிகிற பச்சைக்கு என்ன உருவம் என்று பாருங்கள். வளைவு என்றதும் கை பாதி வட்டம் போட்டுவிடுகிறது. தோசைக்கல்லைச் சாய்த்துப் பிடித்தால் வட்டமாகவா தெரிகிறது? பாலத்தையும் ஒரு ஓரமாக நின்று சாய்வாகப் பார்க்கும்போது அதன் கண்கள் ஒடுங்கி, தூரம் போகப் போகக் கீற்றாகிவிடும். ஒவ்வொரு ஓட்டையின் ஒரு பக்கத்திலும் கல்லின் கனம் தெரியும், அங்கே மட்டும் 6பி. படம் தட்டையாக இருப்பது அந்த ஒரு கீற்றுக் கறுப்பில் பாதி தீர்ந்துவிடும்.

பாலத்தின் மேல் போவது 1904-இல் ரயில் ஓடத் தொடங்கிய பாதை. நூறு வருஷத்துக்கு மேல் மழை வழிந்த கறை கல்லில் இருக்கிறது. கல் கல்லாக வரையும் ஆசை வரும். வெளிச்சமும் நிழலும் சேருகிற விளிம்பில் நாலைந்து கல் மட்டும் போடுங்கள், மீதியைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

ஆட்களை வரைய செங்கோட்டை பஸ் நிலையத்தைவிட நல்ல இடம் இல்லை. கேரள பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் போனைப் பார்த்தபடி இரண்டு நிமிஷமாவது அசையாமல் நிற்பார்கள். முகம் வேண்டாம், நிற்கிற சாய்வு மட்டும்.

சாரல் நாளில் தாள் நமுத்துவிடும். அன்று ரப்பரால் அழுத்தித் தேய்த்தால் தோல் உரிந்து வரும். நோட்டை பிளாஸ்டிக் பையில் கொண்டுபோங்கள், உள்ளங்கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொள்ளுங்கள்.